நாரி வருத்தம்

3-3-96, ஞாயிறு

மத்தியானம் அண்ணை வீட்டில் சாப்பாடு. மச்சாள் வள்ளிநாயகி இறால் பொரித்திருந்தாள். விஸ்வலிங்கம் அண்ணைக்கு இறால் என்றால் உயிர். இன்று மூன்றோடு கையைக் கழுவிவிட்டார். நாற்காலியில் நேராக இருக்க முடியவில்லை. இடுப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தார்.

"நாரிதான் பிள்ளை," என்றார் என்னைப் பார்த்து. "எங்கட வீட்டு ஆம்பிளையளுக்கு வழக்கமானதுதானே."

வழக்கமானதுதான். அப்பாவுக்கு நாரி வருத்தம். பெரியப்பாவுக்கும் நாரி வருத்தம். மலாயாவுக்கு வந்து மூன்று தலைமுறையாக நாற்காலியில் உட்கார்ந்து பேரேடு எழுதிய வம்சம், நாரி நோகாமல் வேறென்ன நோகும் என்பார் அப்பா. வீட்டில் அதற்கென்றே ஒரு போத்தல் எண்ணெய் எப்போதும் இருக்கும்.

தம்பி அம்பிகைபாகனும் ஜெயலெட்சுமியும் வந்திருந்தார்கள். மகள் அருந்ததிக்குச் சிரம்பானில் ஒரு இடம் பேசுகிறார்கள். பொருத்தம் எட்டாம். சித்திரையில் வந்து பார்க்கப் போகிறார்களாம். தம்பிக்கு வாயெல்லாம் பல். பாயான் லெப்பாஸ் கம்ப்யூட்டர் சில்லு ஃபேக்டரியில் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் அவன். மாப்பிள்ளையைப் பற்றிக்கூட ஏதோ ஒரு சில்லைச் சோதித்த மாதிரி, "ஓகே, பாஸ்" என்றுதான் சொன்னான்.

அண்ணையை டாக்டரிடம் நான் கூட்டிப்போகப் போகிறேன். வரமாட்டேன் என்பார். வருவார். இந்தக் குடும்பத்தில் கலியாணம் கட்டாத ஒரே ஆள் நான். அதனால் எல்லாருக்கும் மாமியார் நான்தான்.

9-3-96, சனி

வந்தார். பர்மா ரோட்டில் டாக்டர் நாச்சியப்பன் கிளினிக். இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். மலாய்க்கார நர்ஸ் சித்தி ஹாஜரா ஊசி போட்டபோது ஐம்பத்தெட்டு வயது மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

14-3-96, வியாழன்

டாக்டர் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கே போன் செய்தார். என்னைத் தனியாக வரச் சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது.

நாரி இல்லை. புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அங்கிருந்து எலும்புக்குப் போய்விட்டது. முதுகெலும்பில் நாலு இடம், இடுப்பெலும்பில் இரண்டு. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று பார்க்கிறார்கள், அது நாலுக்குள் இருக்கவேண்டுமாம். அண்ணைக்கு நானூற்றுப் பன்னிரண்டு.

மூத்திரப்பைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும் சுரப்பி. பதினெட்டு வருஷமாகப் படிவம் ஆறு பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறேன். பெயரெழுதி அம்புக்குறி போட்டு, பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடும் போட்டிருக்கிறேன். சொந்த அண்ணைக்கு எண்ணெய் தடவச் சொன்னேன். படிச்சு என்ன பிரயோசனம்? மடைச்சி நான், மடைச்சி.

சுகப்படுத்த முடியாது, அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டர். ஊசி மருந்து இருக்கிறது. நோவும் குறையும். ஒரு வருஷம், இரண்டு வருஷம். சில பேருக்குக் கூடவும்.

16-3-96, சனி

ஒன்று மண்டைக்குள் குடைகிறது. அப்பா எதனால் போனார்?

1961. எனக்குப் பதினெட்டு வயது. கடைசி மூன்று மாதம் பலகைக் கட்டிலில் படுத்தே கிடந்தார். எலும்பு நோகுது எலும்பு நோகுது என்றார். சலம் போகாமல் ஆஸ்பத்திரியில் மூத்திரக் குழாய் வைத்தார்கள். வீட்டில் எல்லாரும் நாரி முற்றிவிட்டது என்றார்கள். முற்றுவதற்கு அது என்ன கத்தரிக்காயா? இத்தனை வருஷமாக நான் ஒருத்தியாவது கேட்டேனா?

தைப்பிங்கில் இருக்கும் அப்புத்துரைச் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, பெரியப்பா எதனால் போனார் என்று கேட்டேன். அப்பாவின் சகோதரர்களில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். எழுபத்தொன்பது வயது, காது மட்டும்தான் மந்தம்.

"பெரியண்ணருக்கும் நாரிதான்," என்றார். "கடைசியில குழாய் வச்சவை. பென்ஷன் எடுத்து ஊருக்குப் போன அப்புவுக்கும் அப்பிடித்தான் எண்டு கடிதம் வந்தது. ஏன் கேக்கிறாய்?"

"சும்மா சித்தப்பா."

"சும்மா கேக்கிற ஆளில்லையே நீ."

வைத்துவிட்டு உட்கார்ந்து படம் போட்டேன். வகுப்பில் பரம்பரை நோய்க்குப் போடுகிற அதே படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பெண்களுக்கு இந்தச் சுரப்பியே கிடையாது, அதனால் வட்டங்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்பு. அதாவது தாத்தா. அவர் ஆண் பிள்ளைகள் மூன்று பேர்: பெரியப்பா, அப்பா, சித்தப்பா. அடுத்த தலைமுறையில் அண்ணை, தம்பி, சித்தப்பாவின் மகன். மொத்தம் ஏழு சதுரம். நாலு சதுரத்துக்குப் பக்கத்தில் 'நாரி' என்று எழுதினேன்.

ஏழில் நாலு. சித்தப்பா தப்பிவிட்டார். மிச்சம் தம்பியும் சித்தப்பா மகனும்.

தம்பிக்கு ஐம்பத்தொன்று.

20-3-96, புதன்

படத்தை எடுத்துக்கொண்டு கிளினிக் போனேன். சிரிப்பதா அழுவதா என்று இன்னும் தெரியவில்லை. அப்படியே எழுதிவிடுகிறேன்.

டாக்டர் நாச்சியப்பன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அவர் தேவகோட்டைப் பக்கம். முப்பது வயதில் இங்கே வந்தவர். மரியாதைக்காரர்.

"டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. உங்க தாத்தா, பெரியப்பா, அப்பா, அண்ணன்... நாலு பேருக்குமா பொம்பளை விஷயம்?"

"என்ன விஷயம்?"

"நாரின்னு எழுதியிருக்கீங்களே."

"ஓம், நாரி. இடுப்பு, டாக்டர். பின்பக்கம், முதுகுக்குக் கீழ."

அவர் படத்தை மேசையில் வைத்தார். எழுந்து அலமாரியில் தேடி அண்ணையின் பழைய அட்டையை எடுத்து வந்தார். 1994 ஆகஸ்ட். அண்ணை சலம் போவதில் சிரமம் என்று அவரிடம் வந்திருக்கிறார். எங்களிடம் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா எதில் தவறினார் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். நாரி வருத்தம் என்று அண்ணை சொல்லியிருக்கிறார். அட்டையில் டாக்டர் கையால் இங்கிலீஷில் எழுதியிருந்தது இதுதான்: 'தந்தை ஒரு பெண்ணால் வந்த துக்கத்தில் இறந்தார். தற்கொலையாக இருக்கலாம். மேலே கேட்க வேண்டாம்.'

"எங்க பக்கம் நாரின்னா பொம்பளைங்க. செய்யுள்ல படிச்சது. வருத்தம்னா மனவருத்தம். உங்களுக்கு அது நோய்னு தெரியாமப் போச்சு," என்றார். "இவ்வளவு பெரிய மனுஷர் வெக்கத்த விட்டுச் சொல்றாரேன்னு நான் பேச்ச மாத்திட்டேன். வயசானா வர்ற வீக்கம்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. எங்கள் அப்பா! இருபது வருஷம் கோயில் கமிட்டிச் செயலாளர். அம்மாவிடமே ஒரு நாளைக்கு நாலு சொல்லுக்கு மேல் பேசமாட்டார். அவரா ஒரு பெண்ணுக்காக உயிரை விட்டார்? அம்மா கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. சித்தி ஹாஜரா வந்து டிஷ்யூ பெட்டியையே மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு வருஷம். ஒரு சொல்லுக்காக இரண்டு வருஷம்.

அவர் மேல் கோபம் வருமென்று பார்த்தேன், வரவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார். எத்தனை டாக்டர் கேட்பார்கள்? அந்த வருத்தத்துக்கு மூன்று தலைமுறையாகப் பொய்ப் பெயர் வைத்தவர்கள் நாங்கள்தானே.

பிறகு நிதானமாகச் சொன்னார். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு சாத்தியம். இரண்டு மூன்று பேர் என்றால் ஐந்து மடங்கு, இன்னும் கூடவும் என்று எழுதுகிறார்களாம். அப்படிப்பட்ட வீட்டு ஆண்கள் நாற்பது வயதிலிருந்தே வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். வருகிற எல்லாமே ஆளைக் கொல்கிற புற்றுநோய் இல்லை. ஆனால் இந்த வீட்டில் அது எப்படிப்பட்டது என்று பார்த்தாயிற்று.

"பரம்பரையப் பாக்குற ரத்தப் பரிசோதனை இதுக்கு இன்னும் வரலைங்க. ஒரு நாள் வரும். இப்போதைக்கு உங்க குடும்பக் கதைதான் டெஸ்ட்டு. அதத்தான் நான் தப்பா எழுதி வச்சிருக்கேன்."

எழுந்தபோது இன்னொன்று கேட்டார். "டீச்சர், இந்தப் படத்துல நாரியே இல்லையே. எங்க ஊர் அர்த்தத்துல கேக்குறேன்."

"பெண்களுக்கு இது வராதே."

"வராது. ஆனா அவங்க வழியா மகனுக்குப் போகும். சில குடும்பத்துல ஆம்பிளைக்கு இதும் பொம்பளைக்கு மார்புப் புத்தும் சேந்து வருதுன்னு இப்ப சொல்றாங்க. உறுதியில்ல. உங்க பக்கம் யாருக்காவது?"

அப்பாவின் தங்கை. எங்கள் மாமி. நாற்பத்துநாலு வயதில் மார்பில் கட்டி. வேறு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த பெண், வேறு குடும்பம் என்று மறந்தே போனேன். வட்டம் போடவில்லை. உயிரியல் ஆசிரியையாம் நான்! ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழனிப்பானையில் துள்ளி.

எனக்கும் மார்புப் பரிசோதனைக்கு நாள் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

23-3-96, சனி

தம்பி வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னேன். படத்தைக் காட்டினேன். மாமியின் வட்டம் போட்ட புதுப் படம்.

"எனக்கு ஒண்டும் இல்லை அக்கா. குதிரை மாதிரி இருக்கிறன்."

"அண்ணையும் போன வருஷம் குதிரைதான்."

ஜெயலெட்சுமி கதவைச் சாத்தினாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்குமாம். "மச்சாள், சிரம்பான் ஆக்கள் வாற நேரம். புற்றுநோய்ப் பரம்பரை எண்டு தெரிஞ்சா ஆர் பெண் எடுப்பினம்? நாரி எண்டே இருக்கட்டும். இவ்வளவு நாளும் அப்பிடித்தானே இருந்தது."

"இருந்தது. நாலு பேர் செத்ததும் அப்பிடித்தான்," என்றேன். அண்ணை இன்னும் உயிரோடு இருக்கிறார். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தம்பி எழுந்து போய் டிவியைப் போட்டான். பந்து விளையாட்டு. முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த முதுகு இன்னும் நிமிர்ந்துதான் இருக்கிறது. அது அப்படியே இருக்கவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

அவனைக் கொண்டுபோய்க் காட்டுவேன். எப்படி என்று தெரியவில்லை. காட்டுவேன்.

6-4-96, சனி

எனக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். இனி வருஷா வருஷம். ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. மார்பை அப்பளம் மாதிரி நசுக்குகிறார்கள், அவ்வளவுதான். தம்பியிடம் சொன்னேன். "கங்கிராஜுலேஷன்ஸ்," என்றான், கழுதை.

13-4-96, சனி

வருஷப் பிறப்பு. மாப்பிள்ளையின் அப்பா, சிரம்பான்காரர், குடும்பத்தோடு வந்தார். மாப்பிள்ளை நல்ல பையன், அதிகம் பேசவில்லை. அருந்ததிக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டதிலேயே தெரிந்தது.

அண்ணை ஊன்றுகோலோடு வந்து ஒரு மூலையில் இருந்தார். ஊசி போட்டதிலிருந்து நோவு கொஞ்சம் குறைவு.

"அண்ணருக்கு என்ன செய்யிது?" என்று சிரம்பான்காரர் கேட்டார்.

"நாரி வருத்தம்," என்றாள் வள்ளிநாயகி மச்சாள். "நாரி," என்றாள் ஜெயலெட்சுமி. தம்பி தலையாட்டினான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ஆட்டினேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். பிள்ளையின் கலியாணத்துக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். அண்ணை யாரையும் பார்க்காமல் ஊன்றுகோலின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னவென்று அவருக்குத் தெரியும். தன் வருத்தத்தைத் தன் வாயால் சொல்லக்கூட உரிமையில்லையா அந்த மனிதருக்கு?

27-4-96, சனி

வென்றேன்! விவரமாக எழுதவேண்டும்.

ஐந்து வாரமாகத் தம்பி, ராசா என்று கெஞ்சுகிற குரலில் பேசிப் பார்த்தேன், அக்கா என்று அதட்டிப் பார்த்தேன். டீச்சராகவும் பேசியாயிற்று. ஒன்றும் ஏறவில்லை. நேற்றுக் குளிக்கும்போதுதான் யோசனை வந்தது. அவனுக்கு ஏறுகிற பாஷை வேறு.

இன்று பள்ளிக்கூடம் இல்லை, அவனுக்கு வேலை உண்டு. ஃபேக்டரி பஸ்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து பாயான் லெப்பாஸ் போய்ச் சேர்ந்தேன். கேன்டீனில் மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்தேன். குடும்பம் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

"தம்பி, ஒரு சந்தேகம். ஏழு சாமான். ஒரே மெஷினில வந்தது. அதில நாலு பழுது. ஒண்டு பாஸ். ரெண்டு இன்னும் டெஸ்ட் பண்ணேல்லை. அந்த ரெண்டையும் கஸ்டமருக்கு அனுப்புவியா?"

"நாலும் ஒரே பழுதோ?"

"ஒரே பழுது."

"வெளியில பாத்தாத் தெரியுமோ?"

"தெரியாது. வெளியில பளபள எண்டு இருக்கும். உள்ளுக்கதான்."

"விசரோ அக்கா? முதல்ல ஹோல்ட் போடோணும். சிவப்பு அட்டை கட்டி ஒரு பக்கத்தில வச்சிட்டு, அந்த ரெண்டையும்தான் முதல் வேலையா—"

அங்கே நின்றுவிட்டான். மீயைக் கிண்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சைரன் அடித்தது, ஒரு கூட்டம் எழுந்து போனது, இன்னொரு கூட்டம் வந்து உட்கார்ந்தது.

"பின்னால விரல் வச்சுப் பாப்பினமாமே," என்றான் கடைசியில், மெல்ல.

இதுதானா! ஆயிரம் பேரை ஆட்டி வைக்கிற மேனேஜர். பொருத்தம், சிரம்பான், பரம்பரை என்று எல்லாம் சொன்னான், இதைத்தான் சொல்லவில்லை.

"ஒரு நிமிஷம்தான். ஐம்பத்தொரு வருஷமா நீ எங்கட தலையில ஏறி இருக்கிறாய். நாங்கள் பொறுக்கேல்லையா?"

சிரித்துவிட்டான். வாயில் இருந்த மீ மேசையில் விழுந்தது.

4-5-96, சனி

போனானாம். என்னிடம் சொல்லாமல், லீவு போட்டு, தனியாக. "ஒரு நிமிஷம் எண்டாய். ரெண்டு நிமிஷம்," என்றான் போனில்.

10-5-96, வெள்ளி

7.8.

தம்பியின் பி.எஸ்.ஏ. நாலுக்குள் இருக்கவேண்டும். அண்ணையின் நானூறு எங்கே, இது எங்கே. ஆனாலும் ஏழு புள்ளி எட்டு.

1-6-96, சனி

ஆறு இடத்தில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்தார்கள். ஐந்து சுத்தம். ஒன்றில் இருக்கிறது.

சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது. எலும்பில் ஒன்றும் இல்லை. சீன சர்ஜன் படம் போட்டுக் காட்டினார் (நான் போடும் படம் இன்னும் திருத்தமாக இருக்கும்). எடுக்காமல் பார்த்துக்கொண்டும் இருக்கலாம், கதிர்வீச்சு வைக்கலாம், வெட்டி எடுக்கலாம் என்றார். இந்த வயதும் இந்தக் குடும்பமும் என்றால் தான் எடுத்துவிடவே சொல்வதாகவும் சொன்னார். எடுத்தால் சிறுநீர் கொஞ்ச காலம் கசியலாம். புருஷன் பெண்டாட்டி விஷயத்திலும் குறை வரலாம். ஜெயலெட்சுமி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "ஆள் இருந்தால் போதும் டாக்டர்," என்றாள். அவளை இத்தனை வருஷமாக நான் குறைவாக எடைபோட்டு வைத்திருந்தேன்.

தம்பி கேட்டது ஒன்றே ஒன்று. "இப்ப கண்டுபிடிக்கேல்லை எண்டால்?"

"ஐந்தாறு வருஷத்தில் உங்கள் அண்ணனைப் போல," என்றார் சர்ஜன்.

9-7-96, செவ்வாய்

எடுத்தாயிற்று. நாலு மணி நேரம். முழுவதும் வந்துவிட்டது, ஓரங்கள் சுத்தம் என்றார். ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு தட்டு நாசி லெமாக் சோறு சாப்பிட்டேன். வெட்கமே இல்லாமல்.

சிரம்பானுக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

12-10-96, சனி

பி.எஸ்.ஏ. கிட்டத்தட்டப் பூஜ்யம். கசிவு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. "வரப்போற பேரப்பிள்ளையும் நானும் ஒண்டாப் பம்பர்ஸ் கட்டலாம்," என்கிறான். தைப்பிங்கிலிருந்து சித்தப்பா மகனையும் வரவழைத்துப் பார்த்தாயிற்று. 1.1. வருஷா வருஷம் வரவேண்டும் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டேன், வீட்டுப்பாடம் மாதிரி.

அண்ணை இறங்கிக்கொண்டே வருகிறார். தம்பியின் எண்ணைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்டையாவது பிடிச்சிட்டாய்," என்றார்.

24-2-97, திங்கள்

அண்ணை சனிக்கிழமை போய்விட்டார். நேற்றுக் கிரியை. இன்றுதான் எழுத முடிகிறது.

நேற்று நடந்தது. பத்துகந்தோங் மயானத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் வீட்டு வாசலில் கூடாரம், ஐம்பது அறுபது பேர். சிரம்பான்காரரும் வந்திருந்தார், சம்பந்தி முறைக்கு முன்வரிசையில். யாரோ வள்ளிநாயகி மச்சாளைக் கேட்டார்கள், என்ன வருத்தம் என்று. பாவம், அழுது அழுது குரலே இல்லை. பழக்கதோஷம். "நாரி வருத்தம்தான்..." என்றாள்.

தம்பி எழுந்து நின்றான். வெள்ளை வேட்டி, வெறும் மார்பு, கையில் தர்ப்பை மோதிரம்.

"நாரி இல்லை," என்றான். ஃபேக்டரிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல். கூடாரம் முழுக்கக் கேட்டது. "அண்ணைக்குப் புற்றுநோய். புரொஸ்டேட்டில. அப்பாவுக்கும் அதுதான், பெரியப்பாவுக்கும் அதுதான். எனக்கும் இருந்தது. ஹெர்னியா எண்டு பொய் சொன்னன். அக்கா விடாமப் பிடிச்சு அனுப்பினபடியால் வெட்டி எறிஞ்சாச்சு. அண்ணைக்கு ஆரும் நேரத்துக்குக் காட்டேல்லை. இங்க நாற்பது வயசுக்கு மேல இருக்கிற ஆம்பிளையள், உங்கட அப்பாமார் எதில செத்தவை எண்டு வீட்டை போய்க் கேளுங்கோ. நாரி எண்டு சொன்னா நம்பாதேங்கோ."

குருக்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டார். ஜெயலெட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். சிரம்பான்காரர் கழற்றி வைத்த தன் சப்பாத்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அண்ணை கேட்டிருக்கவேண்டும். அது ஒன்றுதான் எனக்குக் குறை.

9-3-97, ஞாயிறு

சிரம்பானிலிருந்து தரகர் வந்தார். சாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம், ஏதோ ஒன்று இடிக்கிறதாம். எட்டுப் பொருத்தம் இருந்த சாதகம் இரண்டே வாரத்தில் எப்படி இடித்தது என்று நான் கேட்டேன். தரகர் தேத்தண்ணியை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்.

ஜெயலெட்சுமி என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயம். படம் போட்டவள் நான்தானே.

அருந்ததியை அறையில் போய்ப் பார்த்தேன். அழுதிருக்கிறாள். ஆனால் நிமிர்ந்துதான் இருந்தாள். "பரவால்ல லா மாமி. கட்டிக்கிட்டப்புறம் தெரிஞ்சு திருப்பி அனுப்பினா அது இன்னும் மோசம். எனக்கு அப்பா இருக்காரு, போதும்," என்றாள். பிறகு, "படத்துல என் வட்டத்தப் போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டிருக்கிறேன் என்றேன். முப்பத்தைந்தில் பார்க்க ஆரம்பிக்கச் சொல்கிறார் டாக்டர் என்றேன். டைரியில் குறித்துக்கொண்டாள்.

தம்பியிடம் கேட்டேன், சொன்னதற்கு வருந்துகிறாயா என்று. "பிள்ளையின்ர முகத்தைப் பாக்கேக்க வருந்திறன். அண்ணையின்ர படத்தைப் பாக்கேக்க இல்லை," என்றான்.

30-3-97, ஞாயிறு

மத்தியானம் தம்பி வீட்டில் இருந்தேன். ஜெயலெட்சுமி பேச ஆரம்பித்துவிட்டாள், குறைகளை மட்டும். போன் அடித்தது. பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

சிரம்பான்காரர்.

என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. சுகம் விசாரித்தார். மழையைப் பற்றிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். வீட்டில் யாருக்கோ கேட்கக்கூடாது போல.

"டீச்சர், அந்தப் பினாங்கு டாக்டரின்ர நம்பர் இருக்குமோ? இங்க போனால் எல்லாம் தெரிஞ்ச முகங்கள்." குரல் இன்னும் இறங்கியது. "என்ர அப்பாவுக்கும் நாரிதான்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெண் வேண்டாம், டாக்டர் மட்டும் வேணுமோ? கேட்டிருப்பேன். நாக்கு நுனியில் இருந்தது. தவறான நம்பர் கொடுத்தால்கூட என்ன? பன்றி இறைச்சிக் கடை நம்பர் ஒன்று எனக்கு மனப்பாடம். போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தம்பியிடம் சொன்னேன், யார், என்ன கேட்கிறார் என்று.

அவன் பேப்பரை மடித்து வைத்தான். சமையலறை வாசலில் ஜெயலெட்சுமி கரண்டியோடு நின்றாள்.

"ஆளுக்கு எத்தினை வயசு?" என்றான்.

"ஐம்பத்தாறு எண்டு அண்டைக்குச் சொன்னவர்."

"குடு அக்கா. மகனுக்கும் சேத்துச் சொல்லு, நாற்பதில தொடங்கச் சொல்லி."

கையை எடுத்தேன். நம்பரைச் சொன்னேன். அவர் பேனா தேடும் வரை காத்திருந்து, இன்னொரு தரம் ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொன்னேன்.